கவாத்துக்குப் போட்ட கையெழுத்து

அகராதி அலுவலகத்தில் அந்த வேலைக்குத் தங்கையின் பெயரைச் சொன்னது வேறு யாருமில்லை, சீட்டக்காவேதான். சொல்லி வாயை மூடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இயக்குநர் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

சீட்டக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைச் சீட்டு உண்டு. சொல்லின் பொருள், அது எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த வருடத்தில் எந்தத் தாளில் முதலில் கண்ணில் பட்டது என்று எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். மூன்றாவது மாடியில் சுவரை ஒட்டி நின்ற இரும்பு அலமாரிகளில் இழுப்பறை இழுப்பறையாக அந்தச் சீட்டுகள். படைத்துறைச் சொற்களுக்கு மட்டும் பதினேழு இழுப்பறைகள். அவற்றில் முக்கால்வாசி அவள் கைப்பட எழுதியவை. இருபத்துமூன்று வருட வேலை. எந்தச் சொல் எந்த இழுப்பறையில் எத்தனையாவது சீட்டு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

அகராதியின் படைத்துறைத் தொகுதி அச்சுக்குப் போகும் தறுவாயில்தான் இயக்குநருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "எல்லாம் புத்தகத்துல இருந்து எடுத்த அர்த்தம்மா. பட்டாளத்துல நிஜமா இருந்த ஒருத்தர் ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டா தேவலை. இல்லேன்னா நாளைக்கு ஓய்வுபெற்ற அதிகாரி எவராவது கடுதாசி எழுதி நம்ம மானத்தை வாங்கிடுவாரு," என்றார்.

ஒரு நொடிப் பெருமைதான். "என் தங்கச்சி இருபத்திரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவ சார். சார்ஜண்டா இருந்து ஓய்வு வாங்கினா. புதுசா சேர்ற பொண்ணுங்களுக்குக் கவாத்து சொல்லிக் குடுத்தவ," என்று சொல்லிவிட்டாள்.

"அட, வீட்டுலயே வெச்சுக்கிட்டா நான் ஊரெல்லாம் தேடறேன்!" என்றார் இயக்குநர்.

இதில் நாக்கைக் கடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், இருபத்தேழு வருடம் பின்னால் போகவேண்டும்.

அப்போது பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டவள் அக்காள். தங்கை இல்லை. ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடினாள். எந்தத் தோள்பட்டையில் எத்தனை பட்டை இருந்தால் என்ன பதவி என்று மனப்பாடம் செய்தாள். ஆள் எடுக்கும் நாளன்று, பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொள்ளத் துணைக்குப் போனவள்தான் தங்கை. அவளுக்கு அப்போது இருபது வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

அக்காள் ஓட்டத்தில் நாலாவதாக வந்தாள். மூச்சு வாங்க நின்றபோது, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருந்த பெண் அதிகாரி தங்கையைப் பார்த்து, "நீ ஏம்மா சும்மா நிக்கிற? கை கால் நல்லாத்தானே இருக்கு? ஓடு," என்றாள். தங்கை காலில் செருப்பு. "என் ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடித்தான் பாரேன்டி," என்று கழற்றிக் கொடுத்தவளும் அக்காளேதான். ஈரமும் சூடும் போகாத ஷூ. தங்கை சிரித்துக்கொண்டே ஓடி இரண்டாவதாக வந்தாள்.

அதன் பிறகு கண் பரிசோதனை. சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையில் ஐந்தாவது வரி அக்காளுக்குத் தெரியவில்லை. வெறும் கறுப்புப் புழுக்கள் போல நெளிந்தது. தங்கை ஏழாவது வரி வரை கடகடவென்று படித்தாள். மாலையில் வாசித்த பட்டியலில் ஒரு பெயர் இருந்தது, ஒரு பெயர் இல்லை. வீட்டுக்குத் திரும்பிய பஸ்ஸில் தங்கை, "அக்கா, நான் போகலை. நீ போகாத இடத்துக்கு நான் எதுக்கு?" என்று அழுதாள். "பைத்தியமா உனக்கு? போடி," என்றாள் அக்காள். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா அவளை எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் ஜன்னல் கம்பியை எப்படிப் பிடித்திருந்தாள் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

நாலு வருடம் கழித்து அகராதி அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, எந்தத் தொகுதி வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் படைத்துறையைச் சொன்னாள். உள்ளே விடாத வாசலை விட்டு நகரவும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் தெரியாத படைச்சொல் கிடையாது. பாரசீகத்தில் சேனைக்குப் பெயர் சிபாஹ், அதிலிருந்து சிப்பாய் வந்தான் என்பாள். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரனை ஃபிரங்கி என்றார்கள், அவன் கொண்டுவந்த குண்டு போடும் குழாய்க்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு பீரங்கி ஆயிற்று என்பாள். கர்னல் என்றால் தூண் போல நீண்டு வரும் படைவரிசைக்குத் தலைவன் என்பாள். வீட்டுக் கூடத்துச் சுவரில் என்னவோ இன்னமும் தங்கை சீருடையில் விறைப்பாக நிற்கும் படம்தான் மாட்டியிருந்தது. அப்பா அக்காளோடுதான் இருந்தார். மருந்து கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது, மூக்குக்கண்ணாடி தேடிக் கொடுப்பது எல்லாம் அக்காள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்து, "என்ன கமாண்டர், ரிப்போர்ட் என்ன?" என்று கேட்டால் போதும், அதுவரை முதுகு வலிக்கிறது என்று முனகிய மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்படிப்பட்ட தங்கை ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் ஒன்பதே காலுக்கு முன்னால் வந்ததில்லை.

இரண்டு நாளில் அவளுக்குப் 'பட்டாளம்' என்று பெயர் விழுந்தது. பக்கம் அமைப்பவர், கீழ்த்தளத்து வாசற்காவலர், எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் கணினி அறைக்காரி வரை எல்லாரும், "பட்டாளம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். சீட்டக்காவிடம் இத்தனை வருடத்தில் அவர்கள் கேட்டதெல்லாம், "அந்த இழுப்பறைச் சாவி உங்ககிட்டயா இருக்கு?" என்பதுதான்.

முதல் வாரத்திலேயே ஒரு குத்து விழுந்தது. கவாத்து என்ற சொல்லுக்குச் சீட்டக்கா ஓர் எடுத்துக்காட்டு எழுதியிருந்தாள்: 'வீரர்கள் கவாத்து செய்தபடி போர்க்களம் புகுந்தனர்.' தங்கை அதை உரக்கப் படித்தாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் வீசி, முழங்காலை உயர்த்தி அறையின் குறுக்கே நடந்து காட்டினாள்.

"இப்படியா அக்கா சண்டைக்குப் போவாங்க? எதிரி சிரிச்சே செத்துடுவான். கவாத்தெல்லாம் முகாம் மைதானத்தோட சரி. சண்டைக்களத்துல ஊர்ந்துதான் போகணும்."

அறையே சிரித்தது. சீட்டக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். அடித்த கோடு தாளைக் கிழித்தது.

இன்னொரு நாள் தேநீர் வேளை. சிப்பந்தி என்ற சொல்லைப் பற்றிச் சீட்டக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று கடையிலும் ஆபீஸிலும் வேலை பார்ப்பவரை அப்படிச் சொல்கிறோம். ஒரு காலத்தில் அது வரி வசூலுக்கும் காவலுக்கும் வைத்திருந்த ஒருவகைப் படையாளின் பெயர். இதை அவள் மூன்று பழைய ஆவணங்களைத் துருவித் தேடிக் கண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "ஓஹோ" என்று தேநீரை உறிஞ்சினார்கள். தங்கை மட்டும் சட்டென்று எழுந்து, கோப்பைகளை எடுக்க வந்த சிப்பந்தி அம்மாளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். "மன்னிச்சுக்கோங்க மேடம், இத்தனை நாள் நீங்க நம்ம ஆளுன்னு தெரியாம போச்சு!"

அந்த அம்மாள் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாலைக்குள் கதை நாலு மாடிக்கும் பரவிவிட்டது. "பட்டாளம் ஒண்ணு சொன்னாங்க தெரியுமா? சிப்பந்தின்னா சோல்ஜராம்!" என்று லிஃப்டில் யாரோ சீட்டக்காவிடமே சொன்னார்கள். மூன்று ஆவணம் தேடிய கதை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தவள் ஒரே தட்டைப் பத்து நிமிடம் தேய்த்தாள்.

தங்கை மேல் குற்றம் சொல்ல ஏதாவது இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கை, "எல்லாம் அக்கா கண்டுபிடிச்சது. நான் சும்மா வாயாடி," என்றுதான் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் அவள்மேல் இன்னும் கொஞ்சம் பிரியம்தான் கூடியது எல்லாருக்கும்.

ஆறாவது வாரம் இயக்குநர் இருவரையும் அழைத்தார். பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, அதில் சொற்கள் பிறந்த கதையைச் சுவையாக எழுதலாம் என்றார். "சொற்கதைன்னு தலைப்பு. பட்டாளம் எழுதட்டும். அவங்க சொன்னா கேக்கறதுக்கே நல்லா இருக்கு."

சீட்டக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதே யோசனையை ஐந்து வருடம் முன்பு அவள் எழுத்தில் கொடுத்திருந்தாள். "அகராதின்னா அகராதியா இருக்கணும்மா, வார இதழ் மாதிரி ஆக்கிடக் கூடாது," என்று திருப்பிக் கொடுத்தவர் இதே மனிதர்.

"எனக்கு வேரெல்லாம் தெரியாது சார்," என்றாள் தங்கை. "நான் எழுதறேன். அக்கா பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகணும்."

"அப்படியே ஆகட்டும்."

பதினெட்டுக் கட்டங்களைத் தங்கை எழுதினாள். பதினேழில் சீட்டக்கா திருத்தம் செய்தாள். வருடம் தப்பு, மொழி தப்பு, ஓர் எழுத்துப் பிழை என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது இருந்தது. பதினெட்டாவது, கவாத்து.

தங்கை எழுதியிருந்தது இதுதான். முகாமில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். செடிகளின் வேண்டாத கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதைக் கவாத்து என்பார். புதிதாக வந்த பெண்கள் மைதானத்தில் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நடப்பதைப் பார்த்து, "நான் செடிக்குச் செய்யறதைத்தான் நீங்க புள்ளைங்களுக்குச் செய்யறீங்க," என்றாராம். தாறுமாறாக வளர்ந்தவளை வெட்டி நிமிர்த்துவதால்தான் தோட்டத்துச் சொல் பட்டாளத்துக்கு வந்தது என்று முடித்திருந்தாள்.

அழகாக இருந்தது. சீட்டக்கா இரண்டு தடவை படித்தாள். அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அழகாக இருந்ததே தவிர, தப்பு. படைக் கவாத்து தோட்டத்திலிருந்து வரவில்லை. அரபியில் விதிக்குக் காயிதா என்று பெயர், பல விதிகள் என்றால் கவாயித். அது உருது வழியாகப் படைப் பயிற்சிக்குப் பெயராகி, நம் வாயில் கவாத்து ஆயிற்று. ஒன்பதாவது இழுப்பறையில், பதினொரு வருடம் முன்பு அவளே எழுதிய சீட்டு அது.

பேனாவை எடுத்தாள். சொற்களின் வேர்களை ஆராயும் மொழியியல் பேராசிரியை ஒருவர் வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மாதம் மாதிரிப் பக்கங்களை வெளியிடும் கூட்டத்துக்கு அவரைத்தான் அழைத்திருந்தார்கள். ஒரு சொல்லின் வேரில் தூசு பட்டால்கூடப் பொறுக்காதவர். கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதோடு நிறுத்தவில்லை. ஒன்பதாவது இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டை உருவித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தங்கை மேசையருகே வந்து நின்றாள். "அக்கா, இதுல ஒரு திருத்தம்கூட இல்லையே? நெஜமாவே சரிதானா? அந்தத் தோட்டக்காரர் ஏதோ விளையாட்டாச் சொன்னதா இருக்கப்போகுது."

"பாத்துட்டேன்."

"சீட்டுல இருக்கா?"

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

தங்கை முகம் மலர்ந்தது. "பதினெட்டுல ஒண்ணாவது சொந்தமாத் தேறிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் சீட்டக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிட இன்னும் நேரமிருந்தது. அன்றைக்கும் இருந்தது, அடுத்த மூன்று வாரமும் இருந்தது.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தின் கீழ்த்தள அரங்கில். நூற்றைம்பது நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூட்டிவந்தது சீட்டக்கா. காருக்குள் ஏற்றி, இறக்கி, கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தவளிடம், "குட்டி எப்போ பேசுவா?" என்று தங்கையைப் பற்றியே மூன்று தடவை கேட்டார்.

இயக்குநர் பேசினார். அகராதிப் பணி பற்றிச் சீட்டக்காவைப் பேச அழைத்தார். அவள் நாலு நிமிடம் பேசினாள். கண்ணியமாகக் கைதட்டினார்கள். பிறகு தங்கை மேடையேறி, மாதிரிப் பக்கத்திலிருந்து ஒரு சொற்கதையைப் படிக்கிறேன் என்றாள். அவள் எடுத்தது கவாத்து. வேறு எதை எடுப்பாள்? அது ஒன்றுதானே அவளுடையது.

தோட்டக்காரரைப் போலவே பேசினாள். கத்தரியால் வெட்டுவது போலக் காற்றில் விரலை ஆட்டினாள். அரங்கம் சிரித்துச் சிரித்துக் கடைசியில் எழுந்து நின்று கைதட்டாத குறை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டக்கா பேராசிரியையைப் பார்த்தாள்.

கைதட்டல் ஓயும்வரை பேராசிரியை காத்திருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார். "கேக்க ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா இது தப்பு," என்றார். குரலில் கடுமையே இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக விழுந்தது. காயிதா, கவாயித், உருது எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னார். "தோட்டத்துக் கவாத்துக்கு வேர் என்னங்கறது தனிக் கேள்வி. அது எனக்கே உறுதியாத் தெரியாது. ஆனா படைக் கவாத்து அங்கேருந்து வரலை. இது ஆரம்பப் பாடம். அகராதி அலுவலகத்துல இருந்து இது எப்படி அச்சுக்கு வந்தது? யார் சரிபாத்தது?"

அரங்கம் சில்லிட்டுப் போயிற்று. மேடையில் தங்கை நின்றாள். கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி, கண் நேராக, தாடை உயர்ந்து. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. அப்படி நின்றபடி ஒரே ஒரு நொடி மட்டும் அக்காளைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது சீட்டக்காவுக்குத் தெரிந்தது.

"நான்தாங்கம்மா," என்றாள் தங்கை. "அக்காகிட்ட காட்டணும்னு சொல்லியிருந்தாங்க. அவங்க வேற வேலையா இருந்தாங்க, நான் காட்டாமலே அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

சீட்டக்கா இதற்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தாள். தங்கை தலைகுனிய வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும் என்று. நடந்தது வேறு. குனிய வேண்டிய தலை நிமிர்ந்து நின்றது. முன்வரிசையில் யாரோ, "பாவம், எவ்வளவு நேர்மையா ஒத்துக்கறா பாருங்க," என்றார்கள். அப்பா முகத்தில்கூட அவமானத்தை மீறி ஒரு பெருமை.

பெருந்தன்மையிலும் அவளேதான் முந்திக்கொண்டாளா? ஓட்டத்தில் போனது, பதவியில் போனது, அப்பாவிடம் போனது, ஆபீஸில் போனது, கடைசியில் இதிலும் அவளுக்குத்தானா முதலிடம்?  அடுத்துச் சீட்டக்கா செய்ததை மனசாட்சி என்று பின்னால் பலர் சொன்னார்கள். அவள் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. அந்த நிமிடத்தில் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது அதே பொறாமைதான். இதையும் அவளுக்கு விட்டுத்தர முடியாது என்ற பொறாமை.

"பொய் சொல்றா," என்றாள் உரக்க.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"எங்கிட்ட காட்டினா. ரெண்டு தடவை கேட்டா. நான்தான் 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். சீட்டை எடுத்து ஒளிச்சதும் நான்தான்." கைப்பையைத் திறந்தாள். ஒரு மாதமாக உள்ளே கிடந்து ஓரம் மடங்கிய சீட்டு. நடந்துபோய்ப் பேராசிரியையின் கையில் கொடுத்தாள்.

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க," என்றார்.  அதைவிட அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அரங்கத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் தங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு எழுந்த? நான்தான் சமாளிச்சிட்டேன்ல?"

"நீ சமாளிச்சது எனக்குப் பிடிக்கலை."

"உன் பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

"அதுதான் பிடிக்கலைன்னு சொல்றேன்! நல்லவளா இருக்கறதையாவது எனக்கு விட்டுவெச்சியா நீ?"

தங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உனக்கு எம்மேல பொறாமைன்னு எனக்கு இருபது வயசுலயே தெரியும். பஸ்ஸுல நீ கம்பியைப் பிடிச்சிருந்ததை நான் பாத்தேன். அது பரவாயில்லை, எனக்கே அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அப்பாவை முன்னாடி உக்காரவெச்சுட்டு இதைப் பண்ணியே, அதை என்னால ஜீரணிக்க முடியலை."

அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கும். 

பின்னால் வந்ததெல்லாம் வரிசையாக வந்தது. இயக்குநர் சத்தம் போட்டார், பிறகு சத்தம் போடாமல் இருந்தார். படைத்துறைத் தொகுதியிலிருந்து சீட்டக்காவின் பெயர் எடுக்கப்பட்டது. பதினேழு இழுப்பறைச் சாவிகளையும் அவள் மேசையில் வைத்துவிட்டு, மாடியின் அடுத்த கோடியில் இருந்த தாவரத் தொகுதிக்குப் போனாள். அங்கே 'க' வரிசையில் தோட்டத்துக் கவாத்து அவளுக்காகக் காத்திருந்தது. நாலு மாதம் தேடியும் வேர் அகப்படவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இயக்குநர் தங்கையைத் தொடர்ந்து இருக்கச் சொன்னார். "அக்கா பேரு இல்லாத புஸ்தகத்துல என் பேரு எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டு அவளும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். இதைக் கேள்விப்பட்டபோது சீட்டக்காவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. இந்தப் பெண்ணால் ஒரு தடவையாவது சின்னத்தனமாக நடந்துகொள்ள முடியாதா?

சின்னத்தனமாக இல்லை, ஆனால் தங்கை ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினாள். அப்பாவைப் பார்க்கப் புதன்கிழமை பகலில், அக்காள் அலுவலகத்தில் இருக்கும்போது வந்துபோனாள். அடுக்களையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகளைப் பார்த்துத்தான் அவள் வந்தது தெரியும். அப்பா இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "அவ்வளவு வருஷமா மனசுல வெச்சிருந்தியா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட எப்பப்பா சொல்றது? நீங்க அவ படத்தையே பாத்துக்கிட்டிருப்பீங்க."

 அப்பா படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு மருந்தை வாங்கும்போது அவள் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்துத் தொகுதி வெளிவந்தது. யார் பெயரும் இல்லாமல், 'பதிப்புக் குழு' என்று மட்டும் போட்டு வந்தது. அது வந்த மறுவாரம் ஒரு ஞாயிறு பகல், சீட்டக்கா அப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"சார்ஜண்டுன்னா வேலைக்காரன்னு போட்டிருக்கு," என்றாள் தங்கை. வணக்கமும் இல்லை, நலமும் இல்லை.

"லத்தீன்ல ஊழியம் செய்யறவன்னு அர்த்தம். அதுல இருந்து வந்ததுதான்."

"ஒம்போது வருஷம் சார்ஜண்டா இருந்திருக்கேன். எவளும் எனக்குச் சொல்லலை. நெஜமா?"

"நெஜம்."

"சும்மா சொன்னா நம்பமாட்டேன். சீட்டு வேணும்."

"சீட்டு ஆபீஸ்ல இருக்கு. இப்ப அந்தச் சாவி எங்கிட்ட இல்லை. என் பழைய குறிப்பு நோட்டு வீட்டுல இருக்கு."

"அப்ப வரேன். கண்ணால பாத்தாத்தான் ஒத்துப்பேன்."

கால் மணியில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்து மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். சீட்டக்கா நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். தங்கை இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். எழுத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டாள். சீட்டக்கா அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தையும் எடுத்து வைத்தாள். அதையும் திறந்து சரிபார்த்தாள்.

"ம்," என்றாள் கடைசியில். "சரிதான்." பிறகு நோட்டைத் தானாகவே முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "லெப்டினன்டுக்கு என்ன போட்டிருக்க?"

அப்பா உள்ளறையிலிருந்து, "குட்டி வந்திருக்காளா?" என்று குரல் கொடுத்தார். நாலு நாளாக முனகிக்கொண்டிருந்த மனிதரின் குரல் அது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சீட்டக்காவின் நெஞ்சில் பழைய இடத்தில் பழைய முள் குத்தியது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருத்தர் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவர்னு அர்த்தம்," என்றாள்.

"எங்க, காட்டு," என்றாள் தங்கை.